முன்வரிசைப் பாலுசாமி

“அம்மணி, உங்க ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெ உடுங்க. அழுகுது” என்றார் பாலுசாமி.

காதுக்கு மிசின் மாட்டிவிட்ட கடைப்பெண் சிரித்துவிட்டாள். மாட்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மரியஅந்தோணிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே அவர் பத்தடி பின்தங்கித்தான் நடந்து வந்தார். “மிசின் போட்டதும் மொதல்ல உங்க பாட்டைத்தான் கேக்கோணும் ராஜா” என்று பல்லடத்திலிருந்து இழுத்து வந்திருந்தார் பாலுசாமி.

கேட்பதற்குப் பாட்டு இல்லை. அதைப் பாலுசாமியிடம் யாரும் சொன்னதில்லை.

அந்தோணி நாடகத்தில் ராஜபார்ட். ஒரு காலத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை பாடியவர்தான். ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்தார்கள், குரல் போனது. வயிறு போகவில்லையே. கிரீடத்தை வைத்துக்கொண்டு முன்னால் நின்று வாயசைப்பார். பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒளிந்து ஆர்மோனியக்காரர் பாடுவார். ஊருக்கே தெரியும். சில ஊரில் சிரித்தார்கள், சில ஊரில் செருப்பு வந்து விழுந்தது.

பாலுசாமி மட்டும் முன்வரிசையில் தரையில் குந்தி, மோவாயைத் தூக்கி, ராஜபார்ட்டின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தறிச் சத்தத்தில் சின்ன வயசிலேயே காது போனவர். தறி ஓட்டுகிறவர்களுக்கு உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. மற்ற நடிகர்கள் பாட்டை வாய்க்குள் போட்டு மென்றார்கள். அந்தோணியோ ஒவ்வொரு எழுத்தையும் தட்டில் எடுத்து வைத்தார். குரல் போனவனுக்கு உதடுதானே மிச்சம்.

மறுநாள் தறிக் கொட்டகையில் பாலுசாமி அந்தப் பாட்டை வாயசைப்பார். எதிர்த் தறிக்காரர் அடுத்த அடியை எடுப்பார். தறிகள் கிடந்து அலற, கொட்டகையே சத்தமில்லாமல் பாடும். அந்தோணி ஒருதரம் கதவோரம் நின்று அதைப் பார்த்தார். அவர் கழுத்தில் விழுந்த எந்த மாலையும் அதற்கு ஈடில்லை.

அன்றைக்குப் பிடித்த சிநேகம். பேக்கரியில் டீயை வைத்துக்கொண்டு இருவரும் பேசித் தீர்ப்பார்கள். பக்கத்து மேசைக்கு ஒன்றும் கேட்காது. யாராவது வேறொரு ராஜபார்ட் பேரைச் சொல்லிவிட்டால் போதும், “எங்க அந்தோணி கால்தூசிக்கு வருவானா?” என்று பாலுசாமி சண்டைக்கு நிற்பார்.

இருந்தது ஒரே ஒரு ரசிகன். அவனும் இன்றைக்குப் போய்விடுவான்.

“ஏனுங்க ராஜா, தாலி கட்டிக்கப்போற பொண்ணாட்டத் தலையத் தொங்கப் போட்டுட்டீங்க? பாடுங்க!”

அந்தோணி எழுந்தார். ராஜபார்ட் உட்கார்ந்து பாடுவதில்லை.

‘தேரும் படையும் எனக்கெதற்கு, தேவி நீ திரும்பிப் பாராத நாளில்…’

உதடு ஓர் எழுத்தும் பிசகாமல் வைத்தது. தொண்டையிலிருந்து வந்தது பஞ்சரான டியூபின் காற்று. ஓர் அடிக்கு மேல் முடியவில்லை. நின்றுவிட்டார்.

கடைப்பெண் அவசரமாக டிராயரை இழுத்து எதையோ தேடினாள்.

ஃபேன் அழுதுகொண்டிருந்தது.

பாலுசாமி அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக மிசினைக் கழற்றினார். டப்பாவில் வைத்து மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மத்தவங்க பேச்சுக்கு இது போதுமுங்க அம்மணி. ராஜா பாட்டுக்குப் பத்தாது.”

நாற்காலியை அந்தோணிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மோவாயைத் தூக்கினார்.

“அடுத்த அடிய உட்டுப்போட்டீங்களே. எடுங்க.”