நாலாவது தடவை கணக்கு

“இருபத்தொண்ணு! நூத்துக்கு இருபத்தொண்ணு! இதுக்கா மூணு மாசம் தொண்டை கிழியக் கத்துனேன்?”

முனீருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டுடோரியல் நடத்துகிறார். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்குக் கணக்கோடு தன்னம்பிக்கையையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார். சுவரில் பெரிய எழுத்தில் ‘தோல்வியைத் தோற்கடி!’

அதன் கீழே கன்னிவாடி விவசாயி மொக்கைச்சாமி மொட்டைத் தலையைத் தடவியபடி நின்றார். வயது நாற்பத்தி நாலு.

“ஒரே பெஞ்சுலதான ரெண்டு பேரும் உக்காந்து படிச்சீங்க? உங்க வீட்டம்மா சிவனம்மாள் எழுபத்தெட்டு! மூணு தடவை ஜோடியா ஃபெயிலு, சரி. நாலாவது தடவை அவங்க கரையேறிட்டாங்க. நீங்க?”

“தப்புதான் சார்.”

“நம்பிக்கை வேணுங்க! அஞ்சு வேளையும் உங்க பேரைச் சொல்லி துஆ கேட்டேன். அல்லாவுக்கே அலுத்துப் போயிருக்கும்!”

மொக்கைச்சாமி வாசலை எட்டிப் பார்த்தார். சிவனம்மாள் ஸ்வீட் வாங்கப் போனவள் இன்னும் வரவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யாருட்டயும் சொல்லிராதீக சார். எனக்குக் கணக்கெல்லாம் அத்துப்படி.”

“என்னது?”

“மொதத் தடவை ரெண்டு பேரும் நெசமாவே ஃபெயிலு. அவ பொஸ்தகத்தைத் தூக்கி அடுப்புல போடப் போயிட்டா. ‘நானுந்தான ஃபெயிலு, சேந்தே எழுதுவோம் வா’ன்னேன். அதுக்கப்புறந்தான் சமாதானமானா. நான் பாஸாயிட்டா அவ ஒத்தையில பஸ் ஏறி இம்புட்டு தூரம் வருவாளா? அதான், தெரிஞ்ச கணக்கையும் அடிச்சிட்டு அடிச்சிட்டு வந்தேன்.”

“அப்ப பழனியில போட்ட மொட்டை?”

“அது அவ பாஸாகணும்னு வேண்டிக்கிட்டது சார்.”

முனீர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருஷமாக ஜெயிப்பது எப்படி என்றே பேசிப் பேசிப் பிழைத்தவர். பொண்டாட்டிக்காகத் தோற்கிற ஒரு மனுஷனை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார்.

“மன்னிச்சிருங்க. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல உங்க கதையைத்தான் சொல்லப்போறேன்.”

“அய்யய்யோ, அவ காதுக்குப் போயிரும் சார்!”

“பேரைச் சொல்ல மாட்டேன், போங்க.”

மொக்கைச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸில் இடம் பிடிக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சிவனம்மாள் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தாள். முகத்தில் பாஸான களையே இல்லை.

“அவரை ரொம்பத் திட்டிட்டீகளா சார்?”

“திட்டுறதா! உங்க வீட்டுக்காரரு சாதாரண ஆளு இல்லம்மா.”

“வேணும்னே ஃபெயிலானேன்னு சொன்னாராக்கும்?”

முனீர் வாய்க்குக் கொண்டுபோன ஜிலேபி அப்படியே நின்றது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“எங்கண்ணன்கிட்ட, பால்காரர்கிட்ட, எல்லார்ட்டயும் அதைத்தான் சொல்லி வச்சிருக்காரு. நீங்களும் நம்புன மாதிரியே இருந்துக்கங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மனுசனுக்கு நெசமாவே கழித்தல்கூட வராது.”

முனீர் ஜிலேபியைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தார்.

சிவனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு ஒத்தையில ஃபெயிலாகக் கூடாதுன்னு ரெண்டு தடவை நான்தான் தெரிஞ்ச கணக்கை எழுதாம வந்தேன். இந்தத் தடவை, அங்கன்வாடி வேலைக்கு வயசு தாண்டிருமேன்னுதான் சார், மனசே இல்லாம பாஸ் பண்ணிட்டேன்!”