வாசல் பார்த்த செருப்பு

ஜப்பானில், ஒரு பழைய தெருவின் சாப்பாட்டுக்கடையில், வந்தவர்கள் கழற்றிப்போட்ட செருப்பை, கிளம்பத் தோதாக வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்தார்கள். புருஷன் யோகராஜோடு சுற்றிப்பார்க்கப் போயிருந்த சுதாராணிக்கு அந்த மரியாதை சாப்பாட்டைவிடப் பிடித்திருந்தது.

கொடைக்கானல் திரும்பிய மறுநாள் காலை, பூட்டிய வீட்டுக்குள் இரண்டு பேர் செருப்பும் வாசலைப் பார்த்துக் கிடந்தன. யோகராஜின் விளையாட்டு என்று சிரித்தாள்.

"நான் தொடவே இல்ல புள்ள."

மூன்றாம் நாள் அவனுடையது மட்டும் திரும்பியிருந்தது. விடுவேனா என்று அதை பீரோவின் அடித்தட்டில் பின்பக்கம் பார்க்க வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் திறந்தாள். செருப்பு அவளைப் பார்த்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் யோகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"செருப்ப எடு சுதா. வெள்ளனே வரச் சொல்லியிருக்காங்க."