கூட்டும் வாரம்

மாடிப்படி கூட்டும் முறை இந்த வாரம் யாருடையது என்று சொல்லும் பலகை ஹெட்விக்கின் கதவில் தொங்குகிறது. போன மாதம் தன் முறையைத் தவறவிட்ட கீழ்வீட்டு ஹேபர்லேயைக் கட்டட வாசலில் நோட்டீஸ் ஒட்டி அவமானப்படுத்தியவள் அவள். இன்று அவளுடைய பழைய மடிக்கணினி ஓர் எழுத்தைக் காட்டக் கால் நிமிடம் எடுக்கிறது. இந்தக் கட்டடத்தில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் ஹேபர்லே ஒருவன்தான். கஞ்சி போட்ட வெள்ளை மேசைவிரிப்பில் அதைக் குப்புறக் கவிழ்த்து, கடைசி ஸ்குரூவையும் கழற்றி, அடிமூடியை நெம்புகிறான். ஜன்னல் வெயிலில் சாம்பல் நிறமாக ஏதோ கிளம்புகிறது. உள்ளே இருக்கும் சின்ன விசிறியின் இடுக்கிலிருந்து, கிழிந்த கம்பளித் துண்டு போன்ற ஒன்றை இடுக்கியால் இழுத்துத் தூக்கிப் பிடிக்கிறான்.

"சூடு வெளிய போக வழியில்ல. அதான் முக்கி முனகுது," என்கிறான். "இத்தன தூசி. உங்க வீட்டுலயாம்மா?"

"கடையிலேருந்தே அப்படித்தான் வந்திருக்கும்."

"பத்து வருஷத் தூசியுமா?"

படியில் மூன்றாம் மாடிக்காரியின் காலடி ஏறி வருகிறது. ஹேபர்லே திறந்திருக்கும் கதவைப் பார்க்கிறான். இடுக்கியை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறான். ஹெட்விக் எழுந்து, முதுகு வளையாமல் நடந்து, கதவைச் சாத்துகிறாள்.

"அத இருந்த இடத்துலயே வச்சு மூடுங்க," என்கிறாள். "மெதுவாவே ஓடட்டும்."