லோஷினியின் பிடிதுணி

ஞாயிறு மதியம் யோங் பெங் ஊரில் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் அம்மா, சன்னலோரம் நான், மேசைக்கு முன்னால் என் தங்கை லோஷினியின் கணவன் கவியரசன்.

லோஷினி போன வருடம் ஸ்கூடாயில் அவன் வீட்டில் தீயில் இறந்தாள். விபத்து என்றான். முன்பே அவள் கையை அவன் அடுப்பில் அழுத்திய தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

“அத்தை, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். எத்தன நாளு தனியா இருக்கறது லா?”

“சாப்புடுங்க மாப்ள,” என்றார் அம்மா.

லோஷினி பருத்தி நூலில் பின்னிய வட்டப் பிடிதுணியால் ரசச் சட்டியை இறக்கினேன். வரிசை முடியுமுன்பே திரும்பித் திரும்பிப் பின்னினால் பின்னல் கேக் துண்டு போல விரியும். துண்டுகள் சேர்ந்தால் வட்டம். கடைசித் துண்டைப் பின்னாமலே போய்விட்டாள். அந்த இடம் திறந்தே கிடந்தது.

எனக்குச் சுடவில்லை. அதே துணியால் சட்டியைப் பிடித்த கவியரசன், “அலமாக்!” என்று அலறினான். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அவன் போனபின் துணியைப் பார்த்தேன். திறந்திருந்த இடத்தில் பாதி பின்னியிருந்தது.

“அம்மா, நீங்களா பின்னுனீங்க?”

“எனக்கு எங்கடி பின்னத் தெரியும்?” அம்மா துணியைத் தடவிப் பார்த்தார். “அவன் கை சுட்டதுலதான் பாதி வந்திருக்கு. அவனுக்கே அனுப்பிடு. மிச்சத்த அவனே முடிக்கட்டும்.”

‘கல்யாணப் பரிசு. உங்கள் கைக்கென்றே லோஷினி பின்னியது’ என்று கடிதம் எழுதி, துணியோடு உறையில் வைத்து ஒட்டினேன்.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நிலோபர் உறையைக் காதருகே பிடித்தாள். “அக்கா, உள்ள ஊசி இருக்கா? உரசுற சத்தம் வருது.”

“இல்லமா, வெறும் துணிதான்.”

முத்திரை குத்தி, ஸ்கூடாய் மூட்டையில் போட்டாள்.