கோபக்கார வாடிக்கையாளர்

“என்னம்மா, வெளையாடுறீங்களா? காலையிலேர்ந்து நெட் வரல!”

ஹெட்போனில் வந்த கத்தலில் அவளுக்குக் காதே அடைத்துப்போனது. வேலைக்கு வந்த முதல் நாள், முதல் அழைப்பு. “இந்தக் கஸ்டமர் பாதியில போனை வெச்சுட்டா உனக்கு வேலை கிடையாதும்மா” என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இதுவும் போச்சென்றால் சித்தப்பாவின் செருப்புக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்ததும் அவள் குரலில் தேன் வடிந்தது.

“ரொம்ப மன்னிக்கணும் சார். மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்.”

“ஆயிரம் தடவை பண்ணிட்டேன்! நான் யாருன்னு தெரியுமா? பத்து நாட்டுல எனக்கு ஆளுங்க இருக்காங்க. மீட்டிங்ல பேசிட்டிருக்கும்போதே கட் ஆயிருச்சு. வாயைப் பொளந்த மேனிக்கு ஸ்கிரீன்ல நின்னுட்டேனாம். என் பசங்களே சிரிக்கிறானுங்க!”

அவளுக்குப் பாவமாக இருந்தது. எவ்வளவு பெரிய முதலாளியானாலும் நெட் போய்விட்டால் நம்மைப் போலத்தான்.

“இப்பவே லைன்மேனை அனுப்புறேன் சார். கம்ப்யூட்டர்ல உங்க விலாசம் இல்ல, சொல்லுங்க.”

எதிர்முனையில் குரல் சட்டென்று தாழ்ந்தது.

“விலாசமெல்லாம் நான் யாருக்கும் சொல்றதில்ல.”

பின்னால் நின்ற மேலாளர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். ஒரேயொரு வாடிக்கையாளருக்காக இந்த மனுஷன் ஏன் இப்படி வியர்த்துக் கொட்டுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

“விலாசம் இல்லாம லைன்மேன் எப்படி சார் வருவாரு? சரி, கொஞ்சம் லைன்ல இருங்க” என்று சொல்லி, காத்திருப்பவர்களுக்கான இசையைத் தட்டிவிட்டாள். அதே நாலு வரி பீப்பீ சத்தம், திரும்பத் திரும்ப. வெகு நேரம் கழித்து அவள் மறுபடி பேசியபோது, ஆள் அழாத குறை.

“தாயே, மொதல்ல அந்தப் பீப்பியை நிறுத்து! சொல்றேன், எழுதிக்கோ. பழைய சோப்பு ஃபேக்டரிக்குப் பின்னால, பச்சை கேட்டு. பெல் வேலை செய்யாது, தட்டச் சொல்லு.”

அழைப்பு முடிந்தது. அவள் பயந்துகொண்டே திரும்பினாள்.

“சார், எனக்கு வேலை உண்டா?”

“உண்டும்மா, உண்டு!” மேலாளருக்குச் சந்தோஷத்தில் நாக்குக் குழறியது. கோட்டுக்குள் கையை விட்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

“தீவிரவாதி இருக்கிற வீடு தெரிஞ்சுருச்சு! கமாண்டோ எல்லாரும் லைன்மேன் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க!”