வட்டார வரலாறு

“அந்த ஜீப்பு கவுந்தப்ப நீங்க அங்கன இருந்தீகளாப்பா?”

மெர்லின் கேட்டதும், லூர்துநாதன் வாய்க்குக் கொண்டுபோன சோறு கையிலேயே நின்றது. காலையிலிருந்து கத்திரிக்கு மருந்தடித்த அலுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“எந்த ஜீப்பு?”

“கம்பமெட்டு மலையில, எஸ்டேட்டுக்கு ஆளேத்திட்டுப் போச்சாமே, அது. நான் கைப்பிள்ளையா இருந்த வருசமாம். புதுசா வந்த வரலாறு சார் வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாக. புத்தகத்துல இருக்கறது மட்டும் வரலாறு இல்லையாம்.”

“அந்த ஜீப்புக்கும் நமக்கும் என்னடி சோலி?” அடுப்படியிலிருந்து ரோசம்மாள் வெடுக்கென்று கேட்டாள்.

“கம்பத்துப் பக்கமிருந்து நம்ம கடமலைக்குண்டுக்கு வந்தவுக யாருன்னு கேட்டாகம்மா. கையத் தூக்கித் தொலைச்சேன். அன்னையிலருந்து என்னையத்தான் தோண்டுறாக. எந்த வருசம் வந்தீக, எதுக்கு வந்தீகன்னு. பிள்ளைக எனக்கு ‘சாரோட கல்வெட்டு’ன்னு பேரே வச்சிருச்சுக.”

லூர்துநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையெல்லாம் ரத்தமாக அவன் மலையிறங்கி ஓடி வந்ததும், அந்தச் சட்டையை ரோசம்மாள் அடுப்பில் போட்டுப் பொசுக்கியதும், அன்றைக்கே இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பியதும் மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் மெர்லின் தங்களுக்கு இல்லை. அந்த ஒரு பயத்திலேயே இத்தனை வருசமும் ஓடிவிட்டது.

“எங்கப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாதாம்னு சொல்லிரு ஆத்தா. பேசாம வேற குரூப்புக்கு மாறிரு.”

“பரீச்சைக்கு ரெண்டே மாசந்தேன் கெடக்கு. இப்பப் போயி மாறுறதாப்பா? நல்லாத்தேன் சொல்றீக! அதுவுமில்லாம சாரே நேர்ல வந்து கேட்டுக்கிறேன்னுட்டாக.”

“என்னைக்கு?”

வாசலில் பைக் வந்து நின்றது.

வரலாற்று ஆசிரியர் பாண்டியராஜனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சேரில் உட்கார்ந்தவர், மெர்லின் நீட்டிய தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைக்குப் போயி சாருக்குப் பால் வாங்கிட்டு வாடி,” என்று ரோசம்மாள் மகளை வெளியே துரத்தினாள்.

அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவர் வாசலையே பார்த்திருந்தார்.

“அந்த ஜீப்புல எங்கக்கா போச்சுண்ணே,” என்றார் பிறகு. “பள்ளத்துலருந்து பிணமாத்தான் தூக்குனாக. அது இடுப்புல வச்சிருந்த பொம்பளப் பிள்ளைய மட்டும் கடைசி வரைக்கும் யாரும் பாக்கல.”

மெர்லின் திரும்பிவிட்டாளா என்று லூர்துநாதன் தெருவை எட்டிப் பார்த்தான்.

“உங்க மகளுக்கு வலது காதுல எதுக்குண்ணே ரெண்டு தொளை?”

புருசன் வாயைத் திறக்குமுன் ரோசம்மாள் முந்தினாள். “எந்தம்பி இமானுவேலு மடியில வச்சுக் குத்துனப்ப துள்ளிட்டா சார். ஆசாரிக்குக் கை தப்பிருச்சு. தாய்மாமன் மடியில நடந்தது, ஊரே பாத்துச்சு. வேணும்னா அவனையே கேட்டுக்கங்க!”

பாண்டியராஜன் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“துள்ளுனது நெசந்தாங்க்கா. மடிதான் என்னோடது.”