மெர்லின் ஒட்டிய டேப்

என் மனைவி மெர்லின் இறந்து ஐந்து மாதமாகிறது. அவள் சேர்த்த பதினொரு விமான மாதிரிகளையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பழம்பொருள் வியாபாரி வரதராசு சேலத்திலிருந்து வந்திருக்கிறார். அலமாரியில் நிற்கும் பத்தை அவர் தொடவில்லை. மூடிய அட்டைப்பெட்டியைத்தான் நேராக எடுக்கிறார். 1919இல் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் என்று அதன் மேல் மெர்லின் எழுதியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பனி மூடியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில், டேப்புக்கு அடியில் அவளுடைய பெருவிரல் ரேகை தெரிகிறது. அவர் சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுக்கிறார்.

“இதை மட்டும் எதுக்குங்க பிரிக்கறீங்க?”

“டேப்பு மேல டேப்பு ஒட்டியிருக்குதுங்களே. ஒடஞ்சதை மறைக்கத்தான் இப்படி ஒட்டுவாங்க.”

“அவ அப்படிச் செய்யமாட்டா.”

“உங்களுக்குத் தெரியாம எத்தனையோ இருக்குமுங்க” என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டுகிறார். சத்தமே இல்லை. “ஏனுங்க, உள்ள விமானம் இருக்குதுங்களா?”

பிளேடின் முனை டேப்பைத் தொடுகிறது. நான் பெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறேன். கையில் கனமே தெரியவில்லை.

“மத்த பத்தையும் எடுத்துட்டுப் போங்க” என்கிறேன்.